பூமி ஆடினால் ஓடும் பக்கம்

அண்ணி ஷூ போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட் வாசலில், நூல் புடவையும் அதற்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுமாக நின்றுகொண்டிருந்தார். மகள் கலா பெங்களூரிலிருந்து வாங்கி வந்த ஷூ. லேஸையும் கலாதான் கட்டிவிட்டிருக்க வேண்டும். இரண்டு முடிச்சும் ஒரே அளவாக அழகாக இருந்தன.

"இன்னா தம்பி, பள்ளிக்கூடத்துப் பொண்ணு மாதிரி கீறனா?" என்று கேட்டார்.

"டிரில் டீச்சர் மாதிரி இருக்கீங்க அண்ணி."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி சரியான தூக்கம் இல்லை. அன்று சாயங்காலம் அண்ணி கோலார் தங்கவயலை விட்டுப் போவதாக ஏற்பாடு. கலாவின் கார் வீட்டு வாசலில் நின்றது. பாத்திரங்களைச் சாக்கில் கட்டியாகிவிட்டது. ஆனாலும் கடைசி நிமிஷத்தில் "நான் வரல" என்று அண்ணி சொல்லிவிடுவாரோ என்று கலா பயந்துகொண்டிருந்தாள். போன தடவை அப்படித்தான் ஆயிற்று. காரில் ஏறி உட்கார்ந்தவர், கதவைத் திறந்து இறங்கி, பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

கலாவைவிட எனக்குப் பயம் அதிகம். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அண்ணி என்றால் என் அண்ணன் முருகேசனின் மனைவி சரோஜா. அண்ணன் சுரங்கத்தில் அடிபட்டு இறந்தபோது நான் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமைவரை, சுரங்கக் கம்பெனி கட்டிய வரிசை வீடுகளான ஒரே லைனில் எங்கள் வீடும் அவர் வீடும் பக்கத்துப் பக்கத்துக் கதவு. அவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் எங்கள் வீட்டில் கேட்கும். எங்கள் வீட்டுச் சண்டை முழுக்க அவருக்குக் கேட்கும்.

வழிகாட்டி ஆன கதை

போன வாரம் இந்தப் பத்தியில் ரயிலைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "இத்தனை வருஷம் போய்வந்து உங்களுக்கு அலுக்கவில்லையா?" என்று கேட்டிருந்தார். அலுத்துப் போனதால்தான் ஐயா உட்கார்ந்து எழுதுகிறேன்.

அண்ணனுக்குப் பிறகு அம்மா என்னைச் சுரங்கத்தில் இறங்க விடவில்லை. பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இருட்டில் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறுவேன், இருட்டில் வந்து இறங்குவேன். பிறந்த ஊரை நான் வெளிச்சத்தில் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். ரிட்டயர் ஆனதும் கொஞ்ச நாள் கட்டிலில் படுத்தே கிடந்தேன். உடம்பில் எங்கேயும் நோய் இல்லை. வெறும் அசதி.

அந்தச் சமயத்தில்தான் நவீன் வந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன். வார லீவில் ஊர் ஊராக ஆட்களை நடக்கக் கூட்டிப் போவது அவனுக்குப் பொழுதுபோக்கு. தமிழ், கன்னடம், தெலுங்கு, கொஞ்சம் ஆபீஸ் இங்கிலீஷ் எல்லாம் பேசத் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்றான். "வீட்ல உக்காந்து என் சமையல்ல குத்தம் கண்டுபிடிக்கிறதுக்கு அது தேவல, போங்க" என்று என் மனைவி அனுப்பிவைத்தாள்.

முதல் மாசம் உற்சாகமாகத்தான் இருந்தது. போகப்போகத் தெம்பு போய்விட்டது. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "இன்னும் தங்கம் இருக்கா சார்?" இருந்தால் நான் ஏன் ஐயா வெயிலில் உங்களோடு நடக்கிறேன்? இன்னொரு கூட்டம் "சினிமா எடுத்த இடம் எது?" என்று கேட்கும். மூன்றாவது ரகம் கொஞ்சம் படித்த ரகம். இந்த ஊரைக் குட்டி இங்கிலாந்து என்பார்கள். துரைமார் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம் எல்லாம் இருந்தது உண்மைதான். எங்கள் லைனுக்குள் இங்கிலாந்து எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஒரு அறை, ஒரு அடுப்படி, தெருவுக்கே ஒரு குழாய். அதில் அப்பா, அம்மா, அண்ணன், நான், ஊரிலிருந்து வேலை தேடி வந்து போகாமலே தங்கிவிட்ட ஒரு மாமா.

இதையெல்லாம் சொன்னால் போட்டோவில் விழாது. அதனால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நடையைத் தொடர்வேன்.

யாரும் ஏறாத மேடு

மார்க்கெட்டில் தொடங்கி, கோயிலும் சர்ச்சும் எதிரெதிரே நிற்கிற தெரு வழியாக, லைன் வீடுகளுக்கு நடுவே புகுந்து, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டின் பூட்டிக் கிடக்கிற கேட்டைத் தாண்டி, சைனட் மேட்டில் ஏறி முடிப்பது நவீனின் வழித்தடம். பாறையை அரைத்து, சயனைடு விட்டுத் தங்கத்தைப் பிரித்தபிறகு மிச்சமான மண்ணைக் கொட்டிக் கொட்டிக் குன்றாகிப் போன இடம் அது. வெளுத்த மஞ்சளில், மழைநீர் அறுத்த கோடுகளோடு ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும். ஆடிக்காற்றில் அந்த மண் கிளம்பி லைனுக்குள் வரும். நாங்கள் சாப்பிட்ட சோற்றில் அது நறநறவென்று கடிபட்டிருக்கிறது.

அதனால் ஊர்க்காரர்கள் யாரும் அதன்மேல் ஏறுவதில்லை. சின்ன வயதில் ஏறினால் காவல்காரன் துரத்துவான். வீட்டுக்கு வந்தால் அம்மா அடிப்பாள். இப்போது பெங்களூர்க்காரர்கள் காரில் வந்து ஏறி, மேலே நின்று கையை விரித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கலாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. "பெங்களூர் போறதுக்கு முன்னாடி அம்மாவும் ஒரு தடவை மேல ஏறட்டும் சித்தப்பா. ஊரைப் பாத்து ஒரு பை சொல்லிட்டு வரட்டும். அப்புறம் மனசு சமாதானமாயிடும்."

அண்ணி ஒத்துக்கொண்டதுதான் ஆச்சரியம். "அத்தினி பேரு வந்து ஏறிப் பாக்குறாங்களே, அப்பிடி இன்னாதான் தெரியுதுன்னு நானும் பாக்குறேன்" என்றார்.

ஆக அன்றைக்குக் கூட்டத்தில் அண்ணியும் கலாவும் சேர்ந்துகொண்டார்கள். நவீன் கன்னடத்தில் "ஹோகோணா அங்கிள்?" என்றான். நடந்தோம்.

லைனுக்குள் நுழைந்ததும் மார்த்தா அக்காவின் வீடு. எங்கள் லைனிலேயே மூத்தவர். சர்ச்சுக்குப் போவதற்கு முன்னால் வாசல் அடுப்பில் தோசை சுட்டுக்கொண்டிருந்தார். அண்ணியின் ஷூவைப் பார்த்துத் தோசைத் திருப்பியைத் தூக்கி ஒரு சல்யூட் அடித்தார்.

"இன்னா சரோ, டூரிஸ்ட் ஆயிட்டியா? வூட்டுச் சாவிய என்கிட்ட குடுத்துட்டுப் போ. பத்து நாள்ல திரும்பி வந்து கதவத் தட்டுவ, நான்தான் தொறக்கணும்."

"வர மாட்டேன்க்கா."

"பாக்கத்தானே போறேன்."

கலா என் முகத்தைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பர்ஸ்ட்

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் சுரங்கம் ரொம்ப ஆழம். அவ்வளவு ஆழத்தில் பாறைக்கே பாரம் தாங்காமல் சில சமயம் வெடிக்கும். அதை 'பர்ஸ்ட்' என்போம். மேலே ஊர் முழுக்க ஒரு உலுக்கு உலுக்கும். பரணில் இருக்கும் அண்டா உருண்டு கீழே விழும்.

பூமி ஆடினால் உலகத்தில் எல்லாரும் வெட்டவெளியைப் பார்த்து ஓடுவார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் ஷாஃப்ட்டைப் பார்த்து ஓடுவார்கள். அடுப்பை அணைப்பதில்லை, கதவைச் சாத்துவதில்லை. கையில் இருப்பது கையிலேயே இருக்கும். கேட்டுக்கு வெளியே போய் நிற்பார்கள். பேச்சு கிடையாது. அழுகை கூடவே கூடாது, முதலில் அழுகிறவள் வீட்டுக்குத்தான் சாவு வரும் என்று ஒரு நம்பிக்கை. கேஜ் என்கிற இரும்புக் கூண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே வரும். தன் ஆள் முதல் கூண்டிலேயே வந்துவிட்டாலும் யாரும் வீட்டுக்குத் திரும்ப மாட்டார்கள். கடைசி ஆள் மேலே வரும்வரை எல்லாரும் நிற்க வேண்டும். யார் போட்ட சட்டமோ தெரியாது, அம்மா காலத்துக்கு முன்னாலிருந்தே இருந்தது.

குடியாத்தம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த அண்ணிக்கு இது தெரியாது. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வயிற்றில் கலா. அந்த வருஷம் அதுவரை ஒரு பர்ஸ்ட்டும் வரவில்லை, அதனால் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

அண்ணனுக்குப் பகல் ஷிப்ட். மத்தியானம் பூமி ஆடியது. எனக்கு அன்று ஏதோ பண்டிகை லீவு. அம்மா முறத்தைக் கையில் பிடித்தபடியே ஷாஃப்ட் பக்கம் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அண்ணி, உலகத்தில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தார். எதிர்ப்பக்கம் இருந்த பொட்டல் காட்டுக்கு ஓடி, தைல மரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் பின்னால் வருவார்கள் என்று நினைத்தாராம்.

அண்ணனை மேலே கொண்டுவந்தபோது உயிர் இருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே கேட்டில் நின்ற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தான். அம்மா கையைப் பிடித்தாள். "சரோ வரலியாம்மா?" என்றான். அம்மா, "வந்துகினே கீறாடா" என்றாள். ஆஸ்பத்திரி வண்டி கிளம்பியது. மார்த்தா அக்கா தேடிப்போய்ப் பொட்டலிலிருந்து அண்ணியைக் கூட்டிவந்தபோது கேட்டில் கூட்டம் கலையாமல் நின்றது, வண்டி மட்டும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அண்ணன் போய்விட்டான்.

அண்ணியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு எந்த பர்ஸ்ட் வந்தாலும் கேட்டில் முதல் ஆளாக நிற்பது அண்ணிதான். அவருக்கு உள்ளே யாரும் கிடையாது. மற்றவர்களின் ஆட்களுக்காக நிற்பார். கடைசி ஆள் வந்தபிறகுதான் திரும்புவார். சுரங்கத்தை மூடினார்கள். உள்ளே தண்ணீர் நிறைந்துவிட்டது என்றார்கள். ஆனாலும் எப்போதாவது பூமி லேசாக முனகும். அண்ணி கிளம்பிவிடுவார். ஆளில்லாத ஷாஃப்ட், பூட்டுப் போட்ட கேட், சுற்றிலும் முள். நான்தான் பின்னாலேயே போய், கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவருவேன். போன மழைக்காலத்தில் வழியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

நான் களைத்துப்போய்விட்டேன். அண்ணி மேல் எனக்கு எவ்வளவோ பாசம் உண்டு, அது வேறு. ஒவ்வொரு தடவையும் அந்தக் கேட்டுக்குப் போய் அவர் தோளைத் தொடும்போது நான் திரும்பவும் அந்த ஹைஸ்கூல் பையன் ஆகிவிடுகிறேன். அவர் பெங்களூர் போனால் நாங்கள் இரண்டு பேரும் பிழைப்போம் என்று தோன்றியது. "எங்க ஏரியால பூமியெல்லாம் ஆடாது சித்தப்பா" என்று கலா சொன்னாள். எனக்கு அது ஒன்று போதும்.

காலுக்குக் கீழே

ஷாஃப்ட் கேட்டருகே நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். ஆழம், வெப்பம், கூண்டு இறங்கும் வேகம். மேலே கூண்டை இழுத்த துருப்பிடித்த சக்கரத்தை எல்லாரும் அண்ணாந்து படம் எடுத்தார்கள். அண்ணி கேட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. ரோட்டின் மறுபக்கமாகவே நடந்து தாண்டிவிட்டார்.

மேட்டின் அடிவாரத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஷூவுக்குள் மண் புகுந்துவிட்டது என்று ஒரு கல்லில் உட்கார்ந்து கழற்றினார். "நீங்க ஏறிகினே இருங்க, நான் தட்டிட்டு வரேன்" என்றார். கலா அவரோடு நின்றாள். நான் கூட்டத்தை மேலே நடத்தினேன். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள். பாதித் தூரம் போயிருப்போம்.

டொம் என்று ஒரு உலுக்கல். காதில் கேட்டதைவிட வயிற்றில் கேட்டது. மேட்டின் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் மண் சரசரவென்று சரிந்தது.

கல்குவாரியில் வெடி வைத்தார்களோ, தண்ணீர் நிறைந்த சுரங்கத்துக்குள் ஏதாவது இடிந்ததோ, எனக்குத் தெரியாது. யாரோ "ரன்" என்றார்கள். மொத்தக் கூட்டமும் மறுபக்கம் இறங்கிப் பொட்டலைப் பார்த்து ஓடியது. நவீன் கையை ஆட்டி எல்லாரையும் அந்தப் பக்கமே விரட்டினான். அதுதான் புத்திசாலித்தனம்.

நான் எங்கே போய்க்கொண்டிருந்தேன் தெரியுமா? கூட்டத்துக்குப் பொறுப்பான ஆள் நான். அவர்களை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி வழியில்தான் எனக்கே உறைத்தது. அடிவாரத்துக் கல்லருகே அண்ணியின் ஷூ இரண்டும் ஜோடியாக இருந்தன. கலா பொட்டலுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா எங்க?"

"நான் இந்தப் பக்கம் ஓடினேன் சித்தப்பா. திரும்பிப் பாத்தா அம்மா இல்ல."

நான் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தேன்.

அண்ணி வெறுங்காலோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தனியாக இல்லை. லைனிலிருந்து இன்னும் மூன்று நான்கு கிழவிகள் வந்திருந்தார்கள். ஒருத்தி தலையில் பாதி எண்ணெய். மார்த்தா அக்கா கையில் தோசைத் திருப்பி, அதன் நுனியில் தோசைத் துண்டு. யாரும் பேசவில்லை. எல்லாரும் கம்பிக்குள்ளே, எப்போதோ நின்றுபோன அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் கையில் ஷூவோடு அவர்கள் பக்கத்தில் போய் நின்றேன்.

மார்த்தா அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏன்டீ, உள்ள யாரு கீறாங்கன்னு வந்து நிக்கிறோம்?"

"உன் வூட்டுக்காரரு பென்சன் வாங்கி, நோவுல படுத்து, செத்தே போனாரு. நீ இன்னாத்துக்கு வந்த?" என்றாள் எண்ணெய்க்காரி.

"தெரியல. கால் வந்துச்சு, கூடவே நானும் வந்தேன்."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் சிரித்தார்கள். "என் தோசை கருகிப் போயிருக்கும்" என்று மார்த்தா அக்கா திரும்பி நடந்தார். அண்ணியும் சிரித்தார், ஆனால் நகரவில்லை. அவர் தோளைத் தொட்டேன்.

"போலாம் அண்ணி. யாரும் இல்ல."

"தெரியும் தம்பி," என்றார். "எனக்குத் தெரியாதா?"

மேலே இருந்து

பொட்டலில் நவீன் தன் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தான். மஞ்சள் தொப்பிப் பெண் மரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். கூட வந்த தோழியை விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கம். தோழி பக்கத்திலேயே முழுசாக உட்கார்ந்திருந்தாள். இருந்தும் இவள் அழுகையை நிறுத்தவில்லை.

அண்ணி அவளையே பார்த்தார். பிறகு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழாத. நீ ஓடுனதுதான் சரி. பூமி ஆடுனா வெளியதான் ஓடணும். எங்களுக்குத்தான் புத்தி மாறிப் போச்சு."

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அண்ணியின் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் கொஞ்ச தூரம் தள்ளிப்போய் நின்றேன். அண்ணி அன்று ஓடிவந்த அதே பொட்டல், தைல மரங்கள் மட்டும் வேறு. இவ்வளவு வருஷத்தில் இந்த வார்த்தையை அண்ணியிடம் சொல்ல எங்கள் ஒருவருக்கும் வாய் வரவில்லையே என்று துக்கமாக இருந்தது. அவர் வாயாலேயே அதைச் சொல்லி, அவர் காதாலேயே அதைக் கேட்டுக்கொண்டார்.

நடையை அத்தோடு முடித்துவிடலாம் என்றான் நவீன். எனக்கும் அதே ஆசைதான். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "பாக்கத்தான வந்தோம்" என்றார். ஷூவைப் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் கலா. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம். நவீன் முன்னால் போய், காலால் மண்ணை மிதித்துப் படி மாதிரி செய்துகொடுத்தான்.

உச்சியில் காற்று பலமாக இருந்தது. ஊர் மொத்தமும் கீழே கிடந்தது. சர்ச் கோபுரம், சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன், வரிசை வரிசையாக லைன் வீடுகளின் ஓடுகளும் தகரங்களும், தூரத்தில் மைசூர் மைன்ஸ் பக்கத்துச் சக்கரம் ஒன்று. மற்றவர்கள் கையை விரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அண்ணி படத்துக்கு நிற்கவில்லை. விரலை நீட்டி எதையோ தேடினார்.

"நம்ம ஷாஃப்ட் அதானே?"

"ஆமா அண்ணி."

"நாம இப்ப உக்காந்திருந்த பொட்டலு?"

காட்டினேன். அவர் விரலை அங்கிருந்து இங்கும், இங்கிருந்து அங்குமாக ஒரு தடவை நகர்த்தினார்.

"இவ்ளோ கிட்டவா கீது? நடுவுல ஒரு தெருதான."

நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

"எனக்கு அது ரொம்பத் தொலைவுன்னு நெனப்பு தம்பி. மார்த்தாக்கா கையப் புடிச்சிகினு நான் நடந்தேன் பாரு, நடக்க நடக்க வழியே தீரல. அவ்ளோ தூரத்துல இருந்துட்டேனே, அதான் வர முடியலன்னு என்னை நானே தேத்திகினு இருந்தேன். இங்கதான் இருந்திருக்கேன். கூப்ட்டிருந்தா கேட்டிருக்கும்."

அப்புறம் புடவைத் தலைப்பால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டு, "போலாம், வெயில் ஏறுது" என்றார்.

அவரை இங்கே கூட்டிவந்ததற்காகக் கலா மேல் எனக்குக் கோபம் வந்தது. பார்த்தால் அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளிடம் கோபப்பட எனக்குத் தெம்பில்லை.

சாயங்காலம் அண்ணி காரில் ஏறினார். வீட்டுச் சாவியை மார்த்தா அக்காவிடம் கொடுத்தார். பெல்ட்டைப் போட்டுவிடும்போது என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். "அங்க ஆடுச்சுன்னா நான் எந்தப் பக்கம் தம்பி ஓடறது?"

"அங்க ஆடாதும்மா," என்று நான் பதில் சொல்வதற்குள் கலா சொல்லிவிட்டாள். கார் கிளம்பியது. இந்தத் தடவை அவர் இறங்கவில்லை.

அன்று சீக்கிரமே படுத்து, ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

போன்

சில வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் கலா போன் செய்தாள். அவர்கள் வீட்டுக்கு முன்னால் பெரிய ரோட்டுக்கு அடியில் ரயில் விடச் சுரங்கம் தோண்டுகிறார்களாம். அன்றைக்குப் பாறையில் வெடி வைத்ததில் அடுக்குமாடி முழுக்க ஒரு உலுக்கு. டம்ளர் உருண்டு விழுந்திருக்கிறது. கலா ஓடிப்போய்ப் பார்த்தால் அம்மாவைக் காணோம்.

"லிஃப்ட்ல போகல சித்தப்பா. படில இறங்கிப் போயிருக்காங்க. செருப்புகூடப் போடல. காலனி பூரா தேடினேன். கடைசில அந்தச் சுரங்க வேலை நடக்குற சைட் கேட்டுல நிக்கிறாங்க. வா வான்னு இழுக்கிறேன், வரவே மாட்டேங்குறாங்க. ஷிப்ட் முடியற வரைக்கும் அங்கயேதான் நின்னாங்க. செக்யூரிட்டி பாவம், சேர் கொண்டாந்து போட்டான், அதுலயும் உக்காரல."

மறுபடியும் ஆரம்பமா என்று இருந்தது. "அண்ணிகிட்ட குடு" என்றேன்.

அண்ணியின் குரல் கொஞ்சம்கூடக் களைப்பில்லாமல் வந்தது. அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டு ரொம்ப காலம் ஆகிறது.

"தம்பி, இங்கயும் ஒரு ஷாஃப்ட் கீது. யாரும் சொல்லவே இல்ல."

"அண்ணி, அங்கெல்லாம் போய் நிக்கக் கூடாது. அவங்க யாரோ, எந்த ஊரோ."

"எந்த ஊரோ. நம்ம பாஷை இல்ல. எல்லாம் சின்னச் சின்னப் பசங்க. இரும்பு ஏணில ஒருத்தன் பின்னாடி ஒருத்தனா ஏறி வந்தாங்க, மூஞ்சி பூரா மண்ணு. ஒருத்தன் என்னைப் பாத்துட்டு நின்னு, தொப்பியக் கழட்டிச் சிரிச்சான். கடைசி ஆள் வர்ற வரைக்கும் நின்னேன். எல்லாரும் வந்துட்டாங்க."

"சரி அண்ணி."

"அவங்க மேல வரும்போது நான் அங்க இருந்தேன் தம்பி."